எம்.ஏ. சமூகவியலா, எம்.எஸ்.டபிள்யூ.வா? பணம் கட்டுவதற்கு முன் ஓர் ஒப்பீடு

மே மாதம் தேர்வு முடிவுகள் வந்ததும் இந்தக் கேள்வி மூன்று விதமாக வர ஆரம்பிக்கும். பிளஸ் டூ முடித்தவர், "பி.ஏ. சமூகவியல்தான் கிடைத்தது, சேரலாமா?" என்பார். பி.காம்., பி.எஸ்சி. என்று எதையோ முடித்துவிட்டு அதில் மனம் ஒட்டாதவர், "எம்.ஏ. சமூகவியலா, எம்.எஸ்.டபிள்யூ.வா?" என்பார் (எம்.எஸ்.டபிள்யூ. என்பது சமூகப்பணியில் முதுநிலைப் பட்டம்). யு.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர், "ஆப்ஷனல் (விருப்பப் பாடம்) சமூகவியல்தான், தொலைநிலையில் ஒரு எம்.ஏ.வும் போட்டுவிடட்டுமா?" என்பார். பாடம் ஒன்றுதான் என்றாலும் மூவரின் சிக்கலும் வேறு வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'சமூகவியலாளர் தேவை' என்ற விளம்பரம் தமிழ்நாட்டில் அபூர்வம். சமூகவியலோடு நீங்கள் வேறு எதைச் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே வேலை அமைகிறது. நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வு) தேர்ச்சி, புள்ளிவிவர மென்பொருள், சட்டப் படிப்பு, கள அனுபவம், நன்றாக எழுதும் ஆங்கிலம், இவற்றில் ஏதாவது ஒன்றாவது கூட வர வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ.வில் அந்தச் சேர்க்கை படிப்புக்குள்ளேயே ஓரளவு கிடைத்துவிடுகிறது. அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை வேறு மாதிரியானது.

## இரண்டும் ஒன்றில்லை

வீட்டில் மட்டுமல்ல, சில கல்லூரி அலுவலகங்களிலும் சமூகவியலையும் சமூகப்பணியையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். வேறுபாட்டைப் புரிந்துகொள்ளச் சென்னையே போதும். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். அங்கே போகும் சமூகவியல் மாணவர் கேட்கும் கேள்விகள் இப்படி இருக்கும்: பழைய இடத்தில் இருந்த சொந்தபந்தமும் கடன் கொடுக்கும் வட்டமும் என்ன ஆயின? வீட்டுவேலைக்குப் போன பெண்கள் இப்போது எங்கே போகிறார்கள்? அந்த முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்க ஏன் தயங்குகிறார்கள்? ஒரு வருடம் கழித்து அவர் கையில் ஓர் ஆய்வேடு இருக்கும்.

அதே இடத்துக்குப் போகும் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். இன்னின்ன வீட்டுக் குழந்தைகளுக்கு டி.சி. வரவில்லை, இவர்களின் ரேஷன் அட்டை இன்னும் பழைய கடையிலேயே இருக்கிறது, மூன்றாவது மாடி அக்காவின் வீட்டுக்காரருக்குக் குடி நோய் சிகிச்சை வேண்டும். மாலைக்குள் இரண்டு வேலையாவது நடக்க வேண்டும்.

இரண்டும் தேவையான வேலைகள்தான். இதைப் படித்தபோது எந்தப் பத்தி உங்களை இழுத்தது என்று கவனியுங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, முதல் சம்பளம் எப்போது வரும் என்பது. வீட்டில் எத்தனை ஆண்டு பொறுப்பார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். இரண்டாவது, வேலை அறிவிப்புகளில் இந்தப் பட்டத்தின் பெயர் இருக்கிறதா, அல்லது 'ஏதேனும் ஒரு பட்டம்' என்ற வரிக்குள்தான் நீங்கள் வருவீர்களா என்பது. மூன்றாவது, கட்டண ரசீதில் தெரியாத செலவுகள். நான்காவது, இதைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் எந்தக் கதவு மூடும் என்பது. இதைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஐந்தாவது உங்கள் சுபாவம். நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருக்க முடியுமா, நாள் முழுக்க மனிதர்களோடு மல்லுக்கட்ட முடியுமா?

## பி.ஏ. சமூகவியல்

அரசுக் கல்லூரியில் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அந்தப் பணம் இளநிலைப் படிப்புக்குத்தான், முதுநிலைக்குக் கிடையாது.

மூன்று ஆண்டில் உலகத்தைப் பார்க்கும் பார்வை மாறும், சந்தேகமில்லை. சாதி, குடும்பம், திருமணம், மதம் என்று தினமும் நாம் புழங்கும் விஷயங்களையே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கப் பழகுவீர்கள். ஆனால் இந்தப் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகக்கூடிய வேலை ஏறக்குறைய எல்லாமே 'ஏதேனும் ஒரு பட்டம்' வகைதான்: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வுகள், பி.பி.ஓ., விற்பனை. அதற்கு எந்த பி.ஏ.வும் போதும்.

மூடும் கதவு ஒன்று உண்டு, அதைச் சேரும்போதே தெரிந்துகொள்வது நல்லது. அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராக வேண்டும் என்றால் வரலாறோ புவியியலோ படித்திருக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகளில் சமூகவியல் என்ற பாடமே இல்லை. சி.பி.எஸ்.இ.யில் 11, 12ஆம் வகுப்புகளுக்கு விருப்பப் பாடமாக இருக்கிறது, ஆனால் அதை நடத்தும் பள்ளிகள் நம் பக்கம் குறைவு. "அப்புறம் பி.எட். போட்டுக்கலாம்" என்ற திட்டத்தோடு பி.ஏ. சமூகவியல் சேர வேண்டாம். ஆசிரியர் வேலைதான் கனவு என்றால் பி.ஏ. வரலாற்றில் சேருங்கள்.

இன்னொரு விஷயம் பயிற்று மொழி. அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளி தொடங்கி, அந்தப் பதவிக்குத் தேவையான கல்வித் தகுதி வரை எல்லாமே தமிழ்வழியில் இருக்க வேண்டும். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழி, குறி குரூப் 2 என்று இருப்பவர், ஆங்கிலவழி பி.ஏ.வில் சேர்ந்தால் அந்த உரிமையை இழக்கிறார். எதிர்ப்பக்கமும் உண்டு. முதுநிலைக்கு வெளியே போக நினைப்பவருக்கு ஆங்கிலத்தில் படித்துப் பழகாதது பெரிய தடையாக நிற்கும், ஏனென்றால் அங்கே வாசிப்பு முழுக்க ஆங்கிலம். இரண்டில் எது உங்கள் வழி என்று பதினேழு வயதில் முடிவெடுக்கச் சொல்வது அநியாயம்தான். ஆனால் விண்ணப்பப் படிவம் அந்தக் கேள்வியைக் கேட்கிறது.

மூன்றாண்டு எல்.எல்.பி., இதழியல், எம்.ஏ., யு.பி.எஸ்.சி. என்று அடுத்த படி ஏற்கெனவே மனதில் இருப்பவருக்கு பி.ஏ. சமூகவியல் மிக நல்ல அடித்தளம். 'இதை முடித்ததும் வேலை' என்று வீட்டில் எதிர்பார்த்தால் அது நடக்காது.

## எம்.ஏ. சமூகவியல்

இதற்கு பி.ஏ.வில் சமூகவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை. பொறியியல் முடித்தவர்கள்கூட வருகிறார்கள். இளநிலையில் சமூகவியல் கிடைக்கவில்லையே என்று வருந்துபவர்களுக்கு இது ஆறுதல்.

என்ன படிப்பீர்கள்? சமூகவியலின் முன்னோடிகளான துர்க்கைம், வேபர், மார்க்ஸ் மூவரும் எல்லா இடத்திலும் உண்டு. இந்தியச் சமூகவியலில் 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் துறை தொடங்கியதிலிருந்து கதை ஆரம்பிக்கும்: குர்யே, எம்.என். சீனிவாஸ், ஆந்த்ரே பெத்தேய். பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் களஆய்வு செய்தது நம் தஞ்சாவூர் மாவட்டக் கிராமம் ஒன்றில்தான். அதற்கும் முன்னால், சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். அப்படி ஆய்வான இருவேல்பட்டு என்ற ஊருக்கு அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய், 2008 வரை நிலமும் கூலியும் சாதி அரசியலும் எப்படி மாறின என்று எழுதினார்கள். ஒரே ஊரைத் தொண்ணூறு ஆண்டு பின்தொடர்வது உங்களுக்குச் சுவாரசியமாகப் படுகிறதா? அப்படியென்றால் இந்தப் படிப்பு உங்களுக்கானது. 'அதனால் என்ன பயன்' என்று தோன்றினால் அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள், அதில் தவறே இல்லை.

கற்பித்தல் வழி. உதவிப் பேராசிரியர் ஆக நெட் அல்லது செட் (மாநில அளவிலான தகுதித் தேர்வு) குறைந்தபட்சத் தகுதி. 2023 ஜூலையிலிருந்து அந்தப் பதவிக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்தது. ஆனால் போட்டியில் நிற்பவர்களில் பலர் பிஎச்.டி.யோடு வருகிறார்கள் என்பதால் நடைமுறையில் பெரிய நிம்மதி எதுவும் வரவில்லை. நிரந்தரப் பதவி கிடைத்தால் ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். கிடைக்கும்வரைதான் கஷ்டம். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என்று யு.ஜி.சி. 2019இல் வழிகாட்டியது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் தொகுப்பூதியம் 25,000 அளவில்தான் இருக்கிறது. தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் இன்னும் குறைவாகவும் கேட்கலாம். இதற்கு மேல், தமிழ் ஆங்கிலம் போல எல்லாக் கல்லூரியிலும் சமூகவியல் துறை இருப்பதில்லை. பணியிடமே குறைவு என்பதால் ஓர் அறிவிப்பைத் தவறவிட்டால் அடுத்தது வர ஆண்டுகள் ஆகலாம்.

ஆய்வு வழி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. என் பார்வையில் இந்தப் படிப்பின் நிதித் திட்டமே ஜே.ஆர்.எஃப். தான். அது இல்லாமல் பிஎச்.டி.யில் இறங்குவதை, வீட்டில் வசதி இருந்தாலொழிய, நான் பரிந்துரைக்க மாட்டேன். சென்னையில் 1971இல் தொடங்கிய எம்.ஐ.டி.எஸ். (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்), புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் திட்ட உதவியாளர் வேலைகள் அவ்வப்போது வரும். அவை குறுகிய கால வேலைகள்தான். ஆனால் சி.வி.யில் மதிப்பு உண்டு.

தனியார், ஆலோசனை வழி. இதைப் பற்றிக் கல்லூரிகளில் பேசுவதில்லை. சந்தை ஆய்வு நிறுவனங்கள், செயலிகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் யு.எக்ஸ். ஆய்வு, பெரிய நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பிரிவு, உலக வங்கிக் கடனில் நடக்கும் திட்டங்களில் மறுகுடியமர்வு கவனிக்கும் சமூக வல்லுநர் பணி, இவை எல்லாம் சமூகவியல் பட்டத்தை மதிப்பவை. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டை, அதாவது நிலம் எடுத்தால் அங்குள்ள மக்களுக்கு என்ன ஆகும் என்ற ஆய்வை, கட்டாயமாக்கியது. கேட்டால் பெரிய வேலைச் சந்தை திறந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் மாநிலத்தின் தனிச் சட்டங்கள் வழியாகவே நிலம் எடுக்க முடிகிறது. அவற்றுக்கு இந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு. அதனால் இந்த வேலை வேண்டுமென்றால் வெளி மாநிலங்களுக்கும் வெளிநாட்டுக் கடன் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கத் தயாராக இருங்கள். இந்த வழியில் போகிறவருக்கு எஸ்.பி.எஸ்.எஸ். அல்லது ஆர் என்ற புள்ளிவிவர மென்பொருள், டேப்லெட்டில் சர்வே எடுக்கும் கோபோ, நேர்காணல்களை வகைப்படுத்தும் பழக்கம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பல துறைகளில் ஆய்வு முறையியலைக் கரும்பலகையில் மட்டுமே நடத்தி முடித்துவிடுகிறார்கள். கணினியில் நீங்களாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு என்றால் முதலில் காலம். எம்.ஏ. இரண்டு ஆண்டு, நெட்டுக்கு ஓரிரு ஆண்டு, பிஎச்.டி. நான்கைந்து ஆண்டு. பெண்களுக்கு இதன் நடுவே கல்யாணப் பேச்சு வந்தே தீரும். வீட்டில் இதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது, நான்காம் ஆண்டில் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். இரண்டாவது, இடம் மாறும் செலவு. ஹைதராபாத், புதுச்சேரி, டெல்லி பல்கலைக்கழகங்களின் நூலகமும் சக மாணவர்களும் செய்கிற வேறுபாடு பெரியது. நான் சொல்வது, முடிந்தால் வெளியே போய்ப் படியுங்கள் என்பதுதான். ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2022 முதல் சேர்க்கை கியூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. அதற்கு விண்ணப்பம் மார்கழி, தை மாதங்களிலேயே தொடங்கிவிடும், தேர்வு மார்ச்சில். மே மாதம் யோசிக்க ஆரம்பிப்பவர் அந்த ஆண்டு வாய்ப்பை ஏற்கெனவே விட்டுவிட்டிருப்பார்.

## எம்.எஸ்.டபிள்யூ.

சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952இலேயே தொடங்கிவிட்டது. மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) 1936இல். இன்று தமிழ்நாட்டில் சமூகவியலைவிட எம்.எஸ்.டபிள்யூ. நடத்தும் கல்லூரிகளை எளிதாகக் கண்டுபிடிக்கலாம், பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்.

இரண்டாம் ஆண்டில் ஸ்பெஷலைசேஷன் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுதான் உண்மையான முடிவு. எம்.எஸ்.டபிள்யூ. என்ற ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு தொழில்கள் இருக்கின்றன.

மனிதவளம் எடுத்தால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர் பக்கம் தொழிற்சாலை எச்.ஆர். வேலை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் இருந்தால் நலன் அலுவலர் வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆக்கியது. அந்தப் பதவிக்கு எம்.எஸ்.டபிள்யூ. நேரடியாகப் பொருந்தும். உள்ளே போனபின் நாள் முழுக்க பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன் புகார், பஸ் ரூட், ஒப்பந்தத் தொழிலாளர் வருகைப் பதிவு என்று ஓடும். சமூக மாற்றம் கனவு கண்டு வந்தவர்களுக்கு முதல் மாதமே கசக்கும். சிலர் அதிலேயே நன்றாக நிலைத்து, தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே மதிப்போடு நிற்கிறார்கள். போட்டிக்கு எம்.பி.ஏ. படித்தவர்களும் வருவார்கள். தொழிலாளர் சட்டம் நன்றாகத் தெரிந்திருப்பதுதான் உங்கள் பலம்.

மருத்துவம், மனநலம் எடுத்தால் மருத்துவமனை, குடிநோய் மீட்பு மையம், எச்.ஐ.வி. ஆலோசனை மையம், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு. இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி 'மனநல சமூகப்பணியாளர்' என்றால் எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது, அதன்மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியும் வேண்டும். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் அதற்குப் பெயர்பெற்ற இடம். யு.ஜி.சி. 2022 விதிகளில் எம்.ஃபில்.லை நிறுத்திய பிறகு, இந்தத் துறைக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025–26 சேர்க்கை வரை நீட்டிப்புக் கொடுத்தது. இந்த வழியில் போக நினைப்பவர், இனி எந்தப் பெயரில் அந்தப் பயிற்சி நடக்கும் என்று நிறுவனத்திடமே எழுதிக் கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். 2021 துணைமருத்துவப் பணிகள் ஆணையச் சட்டத்தில் மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்களும் வருகிறார்கள், ஆகவே பதிவு என்பது வருங்காலத்தில் முக்கியமாகும்.

சமுதாய மேம்பாடு எடுத்தால் என்.ஜி.ஓ., குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சி.எஸ்.ஆர். திட்டங்கள். குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆலோசகருக்கும் சமூகப்பணியாளருக்கும் மாதம் 18,536 ரூபாய், பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய். எல்லாம் ஒப்பந்தம், தொகுப்பூதியம். கவனிக்க வேண்டியது, இந்த அறிவிப்புகளில் தகுதி 'சமூகப்பணி / சமூகவியல் / உளவியல்...' என்று சாய்கோடு போட்டு வரும். அதாவது எம்.ஏ. சமூகவியல் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். நேர்காணலில் கள அனுபவம் கேட்பார்கள் என்பதுதான் வேறுபாடு, அது எம்.எஸ்.டபிள்யூ. காரரிடம் தயாராக இருக்கும்.

என்.ஜி.ஓ. பக்கம் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது, ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு நிதியை மாற்றிக் கொடுப்பதையும் தடுத்தது. சின்ன நிறுவனங்களின் வேலைகள்தான் முதலில் பாதிக்கப்பட்டன. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் நிதி நின்றபோது இன்னொரு அடி. 'ப்ராஜெக்ட் முடிந்தது, நாளையிலிருந்து வர வேண்டாம்' என்பது இந்தத் துறையில் சாதாரண வாக்கியம். அதை மனதில் வைத்துத்தான் வீட்டுக் கடன் வாங்க வேண்டும்.

கட்டண ரசீதில் தெரியாத செலவுகள் இங்கேதான் அதிகம். வாரத்தில் இரண்டு நாள் ஃபீல்ட் ஒர்க், அதற்கு பஸ் செலவு உங்களுடையது. கிராம முகாம் ஒன்று, படிப்புச் சுற்றுலா ஒன்று, ஒரு மாதம் பிளாக் பிளேஸ்மென்ட் (ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து இருந்து பெறும் பயிற்சி), அது வெளியூர் என்றால் தங்கும் செலவு. ஒவ்வொரு ஃபீல்ட் ஒர்க் நாளுக்கும் அறிக்கை எழுத வேண்டும், அதனால் மாலை நேர வேலை செய்துகொண்டே படிப்பது கடினம். பணத்தில் சேராத செலவு மனச் சோர்வு. வன்முறைக்கு ஆளான குழந்தையோடு பேசிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குவது எல்லோராலும் முடிவதில்லை. கல்லூரிகள் இதற்கு மாணவர்களைத் தயார்செய்வது குறைவு.

## தொலைநிலை எம்.ஏ.வும் யு.பி.எஸ்.சி.யும்

சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் ஆப்ஷனலுக்கு இரண்டு தாள், தலா 250 மதிப்பெண். எழுத்துத் தேர்வின் 1,750இல் இது 500. சமூகவியலைப் பலர் எடுப்பதற்குக் காரணம் பாடத்திட்டம் அளவானது, பொது அறிவு முதல் தாளில் வரும் இந்தியச் சமூகப் பகுதிக்கும் கட்டுரைத் தாளுக்கும் உதவுகிறது என்பதுதான். ஆனால் ஆப்ஷனல் எடுக்க அந்தப் பாடத்தில் பட்டம் தேவையே இல்லை. ஆகவே தேர்வுக்காக மட்டும் இரண்டு ஆண்டு ரெகுலர் எம்.ஏ. சேர்வது வீண். பல்கலைக்கழகத் தாளில் பத்துப் பக்கம் எழுதிப் பழகியவருக்கு இங்கே 150 சொற்களில் பதில் எழுதுவது தனியாகப் பழக வேண்டிய வித்தை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதன்மைத் தேர்வில் ஆப்ஷனலே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொலைநிலைக் கல்வி தரும் இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) நடத்தும் எம்.ஏ. சமூகவியல் இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. செலவு குறைவு, பாடப் புத்தகங்கள் ஆப்ஷனலுக்கே நல்ல குறிப்புகளாக உதவும், தேர்வு கைகூடாவிட்டால் 55 சதவீதம் எடுத்த எம்.ஏ.வோடு நெட் எழுதலாம். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 போதும். குறை என்னவென்றால் துறை நட்பு, வழிகாட்டி, பரிந்துரைக் கடிதம் எதுவும் கிடைக்காது. ஆய்வுக்குப் போக நினைத்தால் அந்த மூன்றும்தான் வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ.வும் தொலைநிலையில் உண்டு. ஏற்கெனவே என்.ஜி.ஓ.வில் வேலை பார்த்துக்கொண்டு பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படுபவர் அதை எடுக்கலாம், புதிதாக வருபவர் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பி.ஏ. சமூகவியல் | எம்.ஏ. சமூகவியல் | எம்.எஸ்.டபிள்யூ. | தொலைநிலை எம்.ஏ. |
|---|---|---|---|---|
| முதல் சம்பளம் | அடுத்த படிப்புக்குப் பிறகே | தாமதம், ஜே.ஆர்.எஃப். வந்தால் சீக்கிரம் | முடித்த ஆண்டே வாய்ப்பு | ஏற்கெனவே உள்ள வேலை தொடரும் |
| அறிவிப்பில் பட்டத்தின் பெயர் | அரிது | கல்லூரி, ஆய்வு, சில ஒப்பந்தப் பணிகள் | தொழிற்சாலை, மருத்துவமனை, குழந்தைகள் நலம் | ரெகுலர் எம்.ஏ. போலவே |
| மறைவான செலவு | பயிற்று மொழித் தேர்வு | காலம், வெளியூர் வாசம் | பயணம், முகாம், மனச் சோர்வு | வழிகாட்டி இல்லாமை |
| மூடும் கதவு | அரசுப் பள்ளி ஆசிரியர் பணி | நலன் அலுவலர், மனநல சமூகப்பணி | சமூகவியல் துறையில் பேராசிரியர் பணி | ரெகுலர் எம்.ஏ. போலவே |
| பொருந்தும் சுபாவம் | இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் | படிப்பும் எழுத்தும் பிடித்தவர் | மனிதர்களோடு நேரடி வேலை பிடித்தவர் | தானாகப் படிக்கும் ஒழுங்கு உள்ளவர் |

## யாருக்கு எதைச் சொல்வேன்

இரண்டு ஆண்டுக்குள் வீட்டுக்குப் பணம் அனுப்பியாக வேண்டியவர் எம்.எஸ்.டபிள்யூ. மனிதவளம் எடுக்கட்டும். மனம் மருத்துவமனைப் பக்கம் இழுத்தால் அதையும் எடுக்கலாம், தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கும் என்று தெரிந்துகொண்டு. சமுதாய மேம்பாட்டை, ஒப்பந்த வேலையின் நிச்சயமின்மையைத் தாங்கக்கூடிய குடும்பப் பின்னணி இருந்தால் மட்டும் சொல்வேன். இதைச் சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்த வேலைக்கு மிகவும் தேவைப்படுகிறவர்கள் வசதியில்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள்தான்.

ஐந்தாறு ஆண்டு பொறுக்க முடியும், புத்தகத்தோடு உட்கார முடியும் என்பவர் நல்ல துறையாகப் பார்த்து எம்.ஏ. சமூகவியல் சேர்ந்து, முதல் ஆண்டிலிருந்தே நெட்டைக் குறிவைக்க வேண்டும். உள்ளூரில் கிடைத்தது என்பதற்காகப் பெயருக்கு ஓர் எம்.ஏ. சேர்வதற்கு, ஓர் ஆண்டு காத்திருந்து கியூட் எழுதுவது மேல்.

எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டுச் சமூகவியல் துறையில் பேராசிரியராகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பணியிடத்துக்குச் சமூகவியலில் முதுநிலையும் அந்தப் பாடத்தில் நெட்டும் கேட்பார்கள். சமூகப்பணிக்கு நெட்டில் தனிப் பாடம் இருக்கிறது, அதை வைத்து சமூகப்பணித் துறைக்குத்தான் போகலாம். எதிர்த்திசையிலும் இதே கதைதான்.

## பணம் கட்டும் முன் கல்லூரியில் கேட்க வேண்டியவை

எம்.எஸ்.டபிள்யூ. என்றால்: இந்த ஆண்டு எந்தெந்த ஸ்பெஷலைசேஷன் உண்மையில் நடக்கும்? கையேட்டில் மூன்று போட்டுவிட்டு, ஆள் சேராததால் எல்லோரையும் எச்.ஆரில் தள்ளுவது சகஜம். சென்ற ஆண்டு பிளாக் பிளேஸ்மென்ட் எங்கெங்கே நடந்தது? அறிக்கைகளைத் திருத்தி, வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசும் மேற்பார்வையாளர் இருக்கிறாரா?

எம்.ஏ. சமூகவியல் என்றால்: நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர்? கடந்த சில ஆண்டில் யாராவது ஜே.ஆர்.எஃப். எடுத்திருக்கிறார்களா? ஆய்விதழ்களை இணையத்தில் படிக்கும் வசதி நூலகத்தில் உண்டா? ஆய்வேடு கட்டாயமா, விருப்பமா? விருப்பம் என்றாலும் நீங்கள் அதை எடுங்கள்.

அலுவலகத்தில் இவற்றுக்கு நேரான பதில் வராது. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மதியம் கேன்டீனில் இருப்பார்கள், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். கட்டணத்தின் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பாவது போய்வாருங்கள்.